மூணாறு உறைபனிக் காலத்தில் நண்பர்களோடு பூங்கா நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி பிறந்ததும் தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கத்துச் சொந்தங்கள், அவர்களுடைய பிள்ளைகள், பிள்ளைகளின் காலேஜ் சிநேகிதர்கள் என்று ஒவ்வொருவராக தேவிகுளத்தில் இருக்கும் எனக்குப் போன் போடுவார்கள். ஆள் மாறுமே தவிர கேள்வி மாறாது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். பேச்சு முக்கியமாக இரவிகுளம், பாம்பாடும் சோலை ஆகிய இரண்டு தேசியப் பூங்காக்களையும், அங்கே போகும் எஸ்டேட் சாலைகளையும் பற்றியது.

மூணாறுல ஸ்னோ விழுதாமே, நெசமாவா?

இல்லை. வானத்திலிருந்து எதுவும் விழுவதில்லை. இங்கே வருவது உறைபனி. மேகமில்லாத இரவில் புல்லும் இலையும் தங்கள் சூட்டை வெளியே விட்டுவிட்டுச் சில்லிட்டுப் போகும். காற்றில் இருக்கும் ஈரம் அவற்றின் மேல் வெள்ளையாக உறைந்து படியும். கனம் என்று பார்த்தால் சில மில்லிமீட்டர்தான். ஆனால் விடியற்காலையில் மேலே நின்று படம் எடுத்தால் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாகத் தெரியும். அந்தப் படத்தை வைத்துத்தான் 'காஷ்மீரான மூணாறு' என்று ரீல்ஸ் போட்டுத் தள்ளுகிறார்கள்.

பனிப்பொழிவு வரவேண்டுமானால் மேகமும் வேண்டும், மேகத்திலிருந்து தரை வரைக்கும் காற்று உறைநிலையை ஒட்டியும் இருக்கவேண்டும். நம் மலையில் இரண்டும் ஒரே நேரத்தில் அமைவதில்லை. மேகம் இருக்கிற இரவில் அது தரைச் சூட்டைத் தப்பவிடாது. நடுக்கும் இரவுகளிலோ வானத்தில் மேகமே இருக்காது.

அண்ணே, ஸ்னோஷூ வாடகைக்குக் கிடைக்குமா? பசங்க நாங்க ஆறு பேரு.

கிடைக்காது, கிடைத்தாலும் பிரயோஜனம் இல்லை. ஸ்னோஷூ என்பது செருப்பைவிடப் பல மடங்கு அகலமான ஒரு சட்டம். பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொண்டால் உடம்பின் எடை பரவலாக இறங்கும், அதனால் ஆழமான பனியில் கால் புதையாது. அந்தக் காலத்தில் மரச் சட்டத்தில் தோல்வார் பின்னிச் செய்தார்கள். இப்போது அலுமினியமும் பிளாஸ்டிக்கும். வழுக்காமல் இருக்க அடியில் இரும்புப் பற்கள் இருக்கும். தரையில் குறைந்தது ஒரு சாண் பனியாவது கிடந்தால்தான் அதற்கு வேலை.

அந்த ஆசை இருந்தால் குல்மர்க், ஆலி, மணாலிக்கு மேலே சோலாங் என்று வடக்கே போகவேண்டும். இங்கே அதை மாட்டிக்கொண்டு நடந்தால் புல்லைத்தான் கிழிப்பீர்கள். பூங்காவில் அதற்கு அபராதம் போட்டாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். நல்ல பிடிமானமுள்ள ஷூ போதும்.

எந்த மாசம் வந்தா நிச்சயமா பார்க்கலாம்?

'நிச்சயமா' என்பதை எடுத்துவிட்டுக் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்த பிறகுதான் இது தொடங்கும். பொதுவாக டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய நல்ல காலம். சில வருஷம் பிப்ரவரி முதல் பாதி வரைக்கும் நீளும், சில வருஷம் டிசம்பர் முழுக்க மழை தூறிக்கொண்டே இருந்து ஆளை ஏமாற்றும். கடும் குளிர் ஆண்டுகளில் மைனஸ் 2, 3 வரைக்கும் இறங்கியிருக்கிறது.

ஒரு நாள் மட்டும் தங்குவதாக வந்தால் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இரண்டு விடியற்காலை கையில் இருக்கும்படி வாருங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தைத் தவிர்த்தால் ரூம் வாடகையும் குறையும், மாட்டுப்பட்டி ரோட்டில் மணிக்கணக்காக நிற்கவும் வேண்டாம். பொங்கல் லீவிலும் கூட்டம்தான், ஆனால் பனிக்கு அது நல்ல நேரம் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

நாளைக்குப் பனி இருக்குமான்னு முந்தின நாளே தெரியுமா? போன்ல 4 டிகிரின்னுதானே காட்டுது?

ஓரளவு தெரியும். சாயங்காலம் வானம் சுத்தமாக இருந்து, ராத்திரி எட்டு ஒன்பது மணிக்குக் காற்று அடங்கி, வெளியே நின்றால் இலை அசையாமல் இருக்கிறதென்றால் அலாரம் வைத்துக்கொள்ளலாம். மேகம் வந்துவிட்டாலோ காற்று வீசினாலோ தூங்கிவிடலாம். காற்று அடித்தால் மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று கீழே வந்து கலந்துவிடும், தரை உறையாது. மூடுபனி அடைத்த காலையிலும் உறைபனி கிடைப்பது அரிது.

போனில் காட்டும் வெப்பநிலை ஆள் உயரத்தை ஒட்டிய காற்றின் கணக்கு. தெளிவான இரவில் புல்நுனி அதைவிடச் சில டிகிரி கீழே இறங்கிவிடும். அதனால்தான் போனில் 3, 4 என்று இருக்கும்போதே புல் வெளுத்துக் கிடக்கிறது. எண்ணைப் பார்த்து மனம் தளரவேண்டாம், வானத்தைப் பாருங்கள்.

எங்க போய் நின்னா தெரியும்? உச்சிக்குப் போகணுமா?

நேர்மாறு. குளிர்ந்த காற்று கனமானது, இரவெல்லாம் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகையால் ஓடையோரப் புல்வெளி, சதுப்பு, எஸ்டேட் மைதானம், அணைக்கரை மாதிரி தாழ்வான இடங்களில்தான் பனி அடர்த்தியாக இருக்கும். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி 13 கிலோமீட்டர். அங்கிருந்து குண்டளை, செண்டுவாரை, எல்லப்பட்டி என்று டாப் ஸ்டேஷன் பக்கம் போகும் சாலை முழுக்க இப்படிப்பட்ட பள்ளங்கள் உண்டு. இந்தப் பக்கம் கன்னிமலை, சைலன்ட்வேலி எஸ்டேட், செவன்மலை, தேவிகுளம். ஒரே ரோட்டில் மேட்டில் ஒன்றுமே இருக்காது, நூறு மீட்டர் இறங்கினால் வெள்ளையாகக் கிடக்கும். அந்த இறக்கத்தில் நடந்தால் முழங்காலில் குளிர் ஏறுவது தனியாகத் தெரியும்.

குனிந்து பாருங்கள், நின்றுகொண்டு படம் மட்டும் எடுத்துவிட்டுப் போகாதீர்கள். புல்லில் முதலில் ஓரங்கள்தான் வெளுக்கும், நடுவில் பச்சைக் கோடு அப்படியே இருக்கும். இலையில் ரோமம் இருந்தால் ஒவ்வொரு ரோமத்திலும் ஒரு ஊசி நிற்கும். வேலிக் கம்பியில் சிலந்தி வலை இருந்தால் கண்டிப்பாகப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், மூச்சு மட்டும் அதன் மேல் படவேண்டாம். பட்ட இடம் உடனே சொட்டாகிவிடும்.

பார்க்குக்குள்ள போய்த்தான் பனி பார்க்கணும். காலையில ஆறு மணிக்கு உள்ள விடுவாங்களா?

விடமாட்டார்கள். அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். ஜனவரியில் இங்கே சூரியன் உதிப்பது ஆறே முக்காலை ஒட்டி. வெயில் பட்ட இடத்தில் அரை மணி, ஒரு மணிக்குள் பனி உருகிவிடும். மலை நிழல் விழும் பள்ளத்தில் எட்டு மணி வரைக்கும் தாங்கலாம். இரவிகுளம் பூங்காவில் பார்வையாளர்களை விடத் தொடங்குவதே பொதுவாக எட்டு மணியை ஒட்டித்தான். அஞ்சாம் மைலில் டிக்கெட் காட்டி, வனத்துறை வண்டியில் ஏறி, ராஜமலையில் போய் இறங்குவதற்குள் புல் ஈரமாக மட்டும் இருக்கும்.

அதனால் என் யோசனை ஒன்றுதான்: பனியைச் சாலையோரத்தில் பாருங்கள், பூங்காவை வெயிலில் பாருங்கள். ஐந்தே முக்காலுக்கு ரூமை விட்டுக் கிளம்பி, ஆறே கால் முதல் ஏழரை வரை ஏதாவது ஒரு பள்ளத்தில் பனி. அப்புறம் சாயா, டிபன். ஒன்பது மணிக்குப் பூங்கா. இந்த வரிசையை மாற்றினால் இரண்டும் கெடும்.

அப்போ பார்க்ல என்னதான் இருக்கு?

வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு, ஆனால் உலகத்திலேயே அதிகமாக ஒரே இடத்தில் வாழ்வது கேரளத்து இரவிகுளத்தில். சுமார் 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த இடம் 1975-ல் சரணாலயமாகி, 1978-ல் தேசியப் பூங்காவானது. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி இதற்குள்தான் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளை அதன் மேல் ஏறவிடுவதில்லை, கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம். நடக்கக் கிடைப்பது ராஜமலையின் தார்ச்சாலையில் ஒரு பகுதி. வயதானவர்களும் நடக்கலாம்.

குளிர்காலக் காலையில் ஆடுகள் வெயில் காயப் பாறைக்கு வரும். நீங்கள் ஓரமாக நின்றால் அதுவே பக்கத்தில் வந்து மேயும். தொடக்கூடாது, எதுவும் தின்னக் கொடுக்கக்கூடாது. நீலக்குறிஞ்சி எங்கே என்று கேட்காதீர்கள். அது 2018-ல் பூத்தது, அடுத்தது 2030.

பிப்ரவரியில லீவு கிடைக்குது. பார்க் திறந்திருக்குமா?

வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் இரவிகுளத்தை வழக்கமாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள். தேதி வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் நகரும், ஜனவரிக் கடைசியில் வனத்துறை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டிக்கெட்டையும் முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுவது நல்லது. விடுமுறை நாளில் அங்கே போய் வரிசையில் நின்றால் உச்சி வெயில் வந்துவிடும்.

கூட்டம் இல்லாத பார்க் வேணும்னா?

பாம்பாடும் சோலை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் தாண்டி வட்டவடை போகும் சாலை இதன் ஊடேதான் போகிறது. 2003-ல் அறிவிக்கப்பட்ட, கேரளத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா. இரவிகுளம் திறந்த புல்வெளி என்றால் இது அடர்ந்த சோலை. பகலிலும் உள்ளே வெளிச்சம் குறைவு, பாசி படர்ந்த மரங்கள், காட்டு மாடுகள். செக்போஸ்டில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டு விடுவார்கள், நடுவில் நிறுத்தக்கூடாது. வெறுமனே கடந்து போனால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

நடக்க விரும்பினால் வனத்துறையின் நடைத் திட்டத்தில் பதிவு செய்து, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு போகவேண்டும். உள்ளே தங்கும் வசதியும் உண்டு. நண்பர்கள் ஐந்தாறு பேராக வந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான். காட்டுக்குள் தங்கினால் விடியும்போதே வழிகாட்டியோடு புல்வெளி ஓரத்தில் நிற்க வாய்ப்பு உண்டு, மேலே சொன்ன எட்டு மணிச் சிக்கல் அங்கே அவ்வளவு இல்லை. வழிகாட்டிகள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள், தமிழிலேயே பேசுவார்கள். அவர் 'நில்லுங்க' என்றால் நிற்கவேண்டும், ஏன் என்று அப்புறம் கேட்கலாம்.

அந்தப் பக்கம் போய்விட்டு வட்டவடை பார்க்காமல் திரும்பாதீர்கள். கோவிலூர் மேட்டில் நின்றால் படிப்படியாகக் கேரட், முட்டைக்கோஸ், பூண்டு வயல்கள் தெரியும். காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விலை கூடத்தான், ஆனால் சின்னப் பல்லிலும் காரம் ஏறும்.

கொடைக்கானல்ல இருந்து காட்டு வழியா நேரா வந்துடலாம்னு ஃப்ரெண்ட் சொல்றான். சரியா?

பெரிஜம் ஏரி, வந்தரவு வழியாக ஒரு பழைய சாலை பாம்பாடும் சோலைக்கு வந்து சேரும் என்பது உண்மை. ஆனால் வண்டிகளுக்கு அது மூடிப் பல காலம் ஆகிவிட்டது. மேப் காட்டினாலும் நம்பவேண்டாம்.

தேனியில இருந்து எந்த வழி? ராத்திரியே கிளம்பி விடியறதுக்குள்ள வந்துடலாமா?

போடி, போடிமெட்டு, பூப்பாறை, கேப் ரோடு, தேவிகுளம், மூணாறு. கொச்சியிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 85. தேனியிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். மலையடிவாரத்து முந்தலிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். கோவை, திருப்பூர்க்காரர்களுக்கு உடுமலை, சின்னாறு, மறையூர் வழி. அது ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்கும் சின்னாறு சரணாலயத்துக்கும் நடுவே போகும், இரவில் கட்டுப்பாடு உண்டு.

இரவில் மலை ஏறி விடியலில் பனி பார்த்துவிட்டு அன்றே இறங்குவது என்ற திட்டத்தை எல்லா இளவட்டங்களும் போடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. பின்னிரவில் கேப் ரோட்டில் மூடுபனி இறங்கினால் பானெட்டுக்கு முன்னால் பத்தடி தெரியாது. ஓட்டுகிறவன் தூங்கியிருக்க மாட்டான், மற்ற எல்லோரும் தூங்கியிருப்பார்கள். முந்தின நாள் மதியம் கிளம்பி வெளிச்சத்திலேயே வந்து சேருங்கள். தங்கக் காசு இல்லையென்றால் மூணாறு டிப்போவில் கேரள அரசுப் பேருந்துக் கழகம் நிறுத்தி வைத்திருக்கும் படுக்கைப் பேருந்துகளைக் கேட்டுப் பாருங்கள். 2020-லிருந்து நடக்கிறது, கைக்கு அடக்கமான வாடகை.

இ-பாஸ் எடுக்கணுமா மாமா?

இ-பாஸ் என்பது நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் வந்த ஏற்பாடு. மூணாறு கேரளம், இங்கே அது இல்லை. ஆனால் மஞ்சள் போர்டு வாடகை வண்டியில் வந்தால் கேரள பர்மிட் எடுத்திருக்கவேண்டும். டிரைவரிடம் கிளம்பும்போதே கேளுங்கள். போடிமெட்டு செக்போஸ்டில் நின்றுகொண்டு சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

என்ன டிரெஸ் போடணும்? ஜாக்கெட் ஒண்ணு இருக்கு, போதுமா?

ஒரு தடித்த ஜாக்கெட்டைவிட மூன்று மெல்லிய அடுக்கு மேல். உள்ளே உடம்போடு ஒட்டிய பனியன், நடுவில் ஸ்வெட்டர், வெளியே காற்றுத் தடுக்கும் ஜாக்கெட். ஆறு மணிக்கு 2 டிகிரியில் நிற்பீர்கள், பதினொரு மணிக்கு ராஜமலை வெயிலில் வியர்க்கும், ஒவ்வொன்றாகக் கழற்றலாம். மங்கி குல்லாவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். காதையும் கழுத்தையும் சேர்த்து மூட அதைவிட நல்லது இல்லை, மூணாறு பஜாரிலேயே கிடைக்கும்.

கால்தான் முக்கியம். உறைந்த புல்லில் நடந்தால் முதலில் மொறுமொறுவென்று இருக்கும். கால்மணி நேரத்தில் அதே பனி உருகித் துணி ஷூவுக்குள் இறங்கிவிடும். காலுறை இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும். ரத்தம் உறிஞ்சும் அட்டை இந்தக் காலத்தில் குறைவு, சோலைக்குள் ஈரமான இடத்தில் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட்டுக்குள்ள இறங்கி போட்டோ எடுத்தா யாராவது திட்டுவாங்களா?

திட்டுவார்கள், திட்டவேண்டும். தேயிலைக் காடு கம்பெனிக்குச் சொந்தமான இடம். செடிக்கு நடுவில் நுழைந்து மட்டமாக வெட்டிவிட்ட செடிகளின் மேல் ஏறி உட்காருவதெல்லாம் வேண்டாம். பொதுச் சாலையோரமாக இருக்கும் புல்வெளியே படத்துக்குப் போதும். எஸ்டேட் ரோட்டில் போகவேண்டுமென்றால் பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கொடுக்க, போகிறவர்களிடமோ கேட்டில் இருப்பவரிடமோ 'அக்கா, இந்தப் பக்கம் போகலாமா?' என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். உங்களுக்கு அழகாக இருக்கும் பனி, லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வீடுகளில், இருப்பவர்களுக்குக் கூலியில் அடி. உறைந்த கொழுந்தில் வெயில் பட்ட பிறகு சில நாளில் இலை பழுப்பேறிக் கருகிவிடும். தீய்ந்துபோன காட்டில் கொழுந்து எடுக்க முடியாது, அளவுக்கு மேல் பறிக்கும் கிலோவுக்குக் கிடைக்கும் காசும் போகும். கருகின செடியைப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருக்கும் ஒரு அம்மாவிடம் 'சூப்பரா பனி விழுந்திருக்குல்ல?' என்று கேட்காதீர்கள்.

கொழுக்குமலையில சூரிய உதயமும் பார்த்து, அங்கேயே பனியும் பார்த்துடலாமா?

சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் விடியலுக்கு முன் கிளம்பினால் உதயம் கிடைக்கும், தேனிப் பக்கத்து மேகக்கடலும் சில நாள் கிடைக்கும். சொந்தக் காரில் ஏற நினைக்காதீர்கள், அந்த ரோட்டுக்கு உள்ளூர் ஜீப்தான். ஆனால் அது மலைவிளிம்பு, காற்று ஓயாது. காற்று இருந்தால் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லிவிட்டேன். உதயம் ஒரு நாள், பனி ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

குரங்கணியில இருந்து நடந்தே டாப் ஸ்டேஷன் ஏறலாமா?

தமிழ்நாடு வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் கூடாது. 2018 மார்ச் 11 அன்று அந்த மலையில் பிடித்த காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகும் இளம் பெண்களும் அதில் இருந்தார்கள். பனிக்காலம் முடியும்போது புல் காய்ந்து கிடக்கும். பனி பட்டுக் கருகின புல் இன்னும் சீக்கிரம் பற்றும். தீக்காலத்தில் பாதையை மூடிவிட்டார்கள் என்றால் மூடியதுதான், தெரிந்த ஆள் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு போகாதீர்கள்.

யானை வந்தா என்ன பண்றது?

வரும் என்று நினைத்துக்கொண்டே வாருங்கள். மூணாறு, மாட்டுப்பட்டி, மறையூர் சாலைகளில் படையப்பா என்று ஊர்க்காரர்கள் பேர் வைத்த கொம்பன் சர்வசாதாரணமாகக் கடைகளுக்கு முன்னால் நிற்பான். சின்னக்கானல் பக்கம் சக்கக்கொம்பன். அரிக்கொம்பனை 2023-ல் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள், அவன் கம்பம் டவுனுக்குள்ளேயே வந்ததைத் தேனிக்காரர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

விடியற்காலையில் ஆளில்லாத பள்ளத்துக்கு இறங்கும் முன் வண்டியை நிறுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். புதுச் சாணம், ஒடிந்த கிளை தெரிந்தால் திரும்பிவிடுங்கள். ரோட்டில் எதிரே நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள், தூரத்திலேயே நிறுத்தி மெதுவாகப் பின்னால் எடுங்கள். அது போகிற வரைக்கும் காத்திருக்கவேண்டும். படம் எடுக்க இறங்குகிற நண்பனைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுங்கள். காட்டு மாட்டுக்கும் இதே விதி.

டிரோன் கொண்டு வரலாமா?

தேசியப் பூங்காவில் கூடாது. பிடித்தால் பொருளும் போகும், வழக்கும் வரும்.

குழந்தையும் அம்மாவும் வர்றாங்க. மூச்சுத் திணறல் வருமா?

மூணாறு டவுன் சுமார் 1,600 மீட்டர். உயரத்தால் வரும் மலைநோய்க்கு இது பொதுவாகப் போதாது. திணறல் வந்தால் குளிர்ந்த வறண்ட காற்றால் ஆஸ்துமா கிளம்பியதாக இருக்கும். இன்ஹேலர் உபயோகிப்பவர்கள் அதைப் பையில் போடாமல் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளவேண்டும். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும், ஐந்து மணிக் குளிரில் அவர்களை எழுப்பவேண்டாம். பூங்காவுக்கு வெயில் ஏறியபின் அழைத்துப் போகலாம்.

கைக்குழந்தைக்குக் கையும் காலும் சில்லிட்டிருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பாருங்கள். அவசரம் என்றால் இங்கேயும் 108தான். சில பள்ளங்களில் போன் சிக்னலே இருக்காது, அதனால் எங்கே போகிறோம் என்று ரூமில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

குளிருக்கு ரெண்டு ரவுண்டு போட்டா தாங்குமில்ல?

தாங்காது. சரக்கு உள்ளே போனால் தோலுக்கு ரத்தம் அதிகம் பாயும், சூடாக இருப்பதுபோலத் தோன்றும், உண்மையில் உடம்பு சூட்டை இழந்துகொண்டிருக்கும். நடுக்கம் தெரியாமல் போவதுதான் ஆபத்து. பூங்காவுக்குள் கொண்டுபோவதும் குற்றம். கட்டன் சாயா (பால் சேர்க்காத டீ) குடியுங்கள், கூடவே சூடாகக் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கிடைத்தால் விடாதீர்கள்.

ரூம்ல ஹீட்டர் இல்ல. அடுப்புக்கரி சட்டி வெச்சுக்கலாமா?

மூடின அறைக்குள் கரி அடுப்பு, கேஸ் அடுப்பு எதுவும் வேண்டவே வேண்டாம். கரி எரிவதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, புகை தெரியாது. தலைவலி, மயக்கம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மலை ஊர்களில் இப்படி இறந்தவர்கள் உண்டு. கூடுதல் கம்பளி கேளுங்கள், கொடுப்பார்கள். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் தீ மூட்ட விரும்பினால் தங்கும் இடத்தில் அதற்கென்று இருக்கும் இடத்தில் மட்டும், காட்டோரத்தில் கூடவே கூடாது. காரணம் குரங்கணிப் பதிலில் இருக்கிறது.

காலையில கார் கண்ணாடி ஐஸா இருக்கு. சுடுதண்ணி ஊத்தலாமா?

ஊற்றினால் கண்ணாடி கீறல் விடலாம். பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள், உள்ளே ஹீட்டரை மெதுவாக வையுங்கள். வைப்பர் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பலவந்தமாக இயக்காதீர்கள். முந்தின இரவே கண்ணாடி மேல் ஒரு சாக்கோ பழைய போர்வையோ போட்டுவிட்டால் இந்த வேலையே இல்லை. பைக்கில் வருகிறவர்கள் வெயில் படாத வளைவுகளிலும் பாலத்தின் மேலும் திடீர் பிரேக் அடிக்கவேண்டாம், அங்கே ரோடு ஈரமாகவோ வழுக்கலாகவோ இருக்கும்.

ரெண்டு நாள் நின்னும் பனி வரலைன்னா?

வராமலும் போகும். அப்படிப்பட்ட காலையில் பெரும்பாலும் மூடுபனி இருக்கும், பாம்பாடும் சோலைக்கு அதுதான் நல்ல நேரம். வெயில் அடித்தால் ராஜமலை. இரண்டும் சலித்தால் மறையூர் இறங்கி வெல்ல ஆலையில் சூடாகப் பாகு வாங்கிச் சாப்பிடுங்கள், சின்னாற்றில் மூணாறுக் குளிரே இருக்காது. 'பனி காட்டுகிறேன், உத்தரவாதம்' என்று பணம் கேட்கும் ஆட்களை மட்டும் நம்பவேண்டாம்.

பனியும் பார்த்தாச்சு, பார்க்கும் பார்த்தாச்சு. அன்னைக்கே இறங்கிடலாமா?

ஐந்து மணிக்கு எழுந்த டிரைவர் மதியம் பிரியாணியும் சாப்பிட்டுவிட்டால் கேப் ரோட்டில் கண் சொக்கும். ஒன்று, சாப்பிட்டதும் அவரை ஒரு மணி நேரம் தூங்கவிடுங்கள். இல்லையென்றால் ஓட்டத் தெரிந்த இன்னொருவர் அன்று காலை நடைக்கு வராமல் தூங்கி எழட்டும். யார் என்று முந்தின இரவே சீட்டுக் குலுக்கிக்கொள்ளுங்கள். மூன்று மணிக்குள் கிளம்பினால் போடிமெட்டு வளைவுகளை வெளிச்சத்தில் இறங்கிவிடலாம். ஏறின கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் முந்தலுக்கு முன்னாலேயே கருகல் வாடை வரும். வந்தால் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றவேண்டாம்.